ஹோண்டா ஷேடோவும் ஒரு இடுப்பு வலியும்

போன வாரம் ஓபியில் நடந்தது இது.

லோடு ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர். வயது 45 இருக்கும். ஆறு மாதமாக இடுப்பு வலி. பரிசோதித்துப் பார்த்தேன். வலி காலுக்கு இறங்கவில்லை. மரத்துப்போகவில்லை. சிறுநீர், மலம் போவதில் பிரச்சனை இல்லை. தசை சம்பந்தப்பட்ட வலிதான். மாத்திரை எழுதி, செய்ய வேண்டிய பயிற்சிகளையும் சொல்லி முடித்தேன்.

அவர் எழுந்திருக்கவில்லை.

"சார், ஒண்ணு கேக்கலாமா? காலை முன்னாடி நீட்டி, சாஞ்ச மாதிரி உட்கார்ந்து ஓட்டுற பைக் இருக்குல்ல. அத வாங்குனா இடுப்பு வலி வராதாமே?"

வெளியே வரிசை வராண்டா தாண்டி நிற்கிறது. "ரிவ்யூக்கு வரும்போது சொல்றேன்ணே" என்று அனுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி மனசில் தங்கிவிட்டது. நானும் அந்த மாதிரி வண்டியைத்தான் ஓட்டுகிறேன். பழைய அவெஞ்சர்.

அவருக்கு நான் சொன்ன பதில் கடைசியில் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு கதை சொல்லணும். கொஞ்சம் நீளம். டீயோ காபியோ கையில் வைத்துக்கொண்டு படியுங்கள் நண்பர்களே.

மருத்துவப் படிப்பில் கேஸ் ஷீட் எழுதச் சொல்லித் தரும்போது முதலில் வருவது "சீஃப் கம்ப்ளைன்ட்". நோயாளி எதற்காக வந்தார் என்பதை அவருடைய வார்த்தையிலேயே எழுத வேண்டும். அரசு மருத்துவமனையில் சில வருஷம் உட்கார்ந்த பிறகு இன்னொன்றும் புரியும். சொல்கிற புகாரும், தேடி வந்த விஷயமும் எப்போதும் ஒன்றாக இருக்காது. தலைவலி என்று வருபவர் பலருக்குத் தேவை மாத்திரை இல்லை. "பயப்பட ஒண்ணுமில்ல" என்ற ஒரு வார்த்தைதான்.

இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ள ஹோண்டாவுக்கு 12 வருஷம் ஆனது. 1983 முதல் 1995 வரை. பாடம் நடந்த வண்டியின் பெயர் ஷேடோ.

முதலில் க்ரூஸர் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

தாழ்வான சீட். மேலே எழும்பி நம்மை நோக்கி வளைந்து வரும் ஹேண்டில்பார். கண்ணீர்த் துளி வடிவத்தில் டேங்க். முன்னால் தள்ளி வைத்த ஃபுட்ரெஸ்ட். நீளமான உடம்பு. வேகமாகப் போவதற்கு இல்லை, நிதானமாக நீண்ட தூரம் போவதற்கான வண்டி.

இந்த உருவம் அமெரிக்காவில் பிறந்தது. அந்த நாட்டின் நெடுஞ்சாலைகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராகக் கிடக்கும். அங்கே ஒரு ஹார்லி-டேவிட்சனை வாங்கி, தேவையில்லாததை வெட்டி எறிந்து, முன் ஃபோர்க்கை நீட்டி, தன் இஷ்டத்துக்கு மாற்றி ஓட்டுவது ஒரு கலாச்சாரமாகவே வளர்ந்தது. 1969-ல் வந்த "ஈஸி ரைடர்" படம் அதை உலகம் முழுக்கக் கொண்டு போனது.

அதே 1969-ல் இன்னும் இரண்டு விஷயங்கள் நடந்தன.

ஒன்று, ஏஎம்எஃப் என்ற பெரிய நிறுவனம் ஹார்லியை வாங்கியது. உற்பத்தி கூடியது, தரம் இறங்கியது. ஆயில் ஒழுகுவது, வண்டி நின்றுபோவது எல்லாம் ஊரறிந்த கேலியாகிவிட்டது.

இரண்டு, ஹோண்டாவின் சிபி750 வந்தது. நான்கு சிலிண்டர், முன்னால் டிஸ்க் பிரேக், பட்டனைத் தட்டினால் ஸ்டார்ட். ஆயில் ஒழுகாது. விலையும் கட்டுப்படியாகும்.

ஆக 1970களின் அமெரிக்கக்காரர் முன்னால் இரண்டு வண்டிகள். மனசுக்குப் பிடித்தது அடிக்கடி மெக்கானிக்கிடம் நிற்கும். மெக்கானிக்கிடம் போகவே போகாதது மனசில் ஒட்டவில்லை.

ஜப்பான் கம்பெனிகள் இதைக் கவனித்தன. 1976-ல் கவாசாகி தன்னுடைய 900 சிசி வண்டியிலேயே ஹேண்டில்பாரை உயர்த்தி, சீட்டைப் படிப்படியாக்கி, கேஇசட் 900 எல்டிடி என்று விற்றது. 1978-ல் யமஹா எக்ஸ்எஸ்650 ஸ்பெஷல் வந்தது. "ஃபேக்டரி கஸ்டம்" என்று பெயர். நீ வெட்டி ஒட்ட வேண்டாம், நாங்களே வெட்டி ஒட்டித் தருகிறோம் என்று அர்த்தம்.

ஆனால் உள்ளே இருந்தது வழக்கமான ஜப்பான் இன்ஜின். வேட்டி கட்டிவிட்டு மேலே டை போட்ட மாதிரி இருந்தது.

1981-ல் யமஹா அடுத்த அடி வைத்தது. விராகோ 750. ஜப்பானிலிருந்து வந்த முதல் வி-ட்வின் க்ரூஸர். அதாவது இரண்டு சிலிண்டர்கள் ஆங்கில வி எழுத்து மாதிரி விரிந்து நிற்கும், ஹார்லியைப் போலவே. செயினுக்குப் பதில் ஷாஃப்ட் டிரைவ். கழுவி, ஆயில் விட்டு, இறுக்கும் வேலையே கிடையாது.

1983-ல் ஹோண்டா ஷேடோ வந்தது. 500, 750 என இரண்டு அளவுகளில். நம் கதையின் நாயகன் 750.

இங்கே கொஞ்சம் மெக்கானிக்ஸ். பயப்பட வேண்டாம், உரலும் உலக்கையும் தெரிந்தால் போதும்.

ஒரே உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தாளம் சரியாக இருந்தால் உரல் அசையாது. இரண்டு உலக்கையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் இறங்கினால் உரல் குதிக்கும்.

ஹார்லியின் இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே 45 டிகிரி. இரண்டு பிஸ்டன்களும் கிராங்க்கில் ஒரே பின்னில் மாட்டியிருக்கும். அதனால் இரண்டும் சற்று முன்பின்னாகச் சேர்ந்தே ஏறி இறங்கும். உரல் குதிக்கும். கண்ணாடியில் பின்னால் வருவது கார் ஒன்றா இரண்டா என்று தெரியாத அளவுக்கு அதிர்வு.

ஹோண்டா பொறியாளர்களும் 45 டிகிரிதான் எடுத்தார்கள். ஆனால் ஒரு பின்னுக்குப் பதில் இரண்டு பின் வைத்து, ஒன்றை மற்றொன்றிலிருந்து 90 டிகிரி தள்ளிவிட்டார்கள். ஒரு பிஸ்டனின் ஆட்டத்தை மற்றொன்றின் ஆட்டம் அடித்துவிடும். இதற்கு ஒரு அழகான கணக்கு உண்டு. 180-லிருந்து சிலிண்டர் கோணத்தின் இரு மடங்கைக் கழித்தால், பின்னை எவ்வளவு தள்ள வேண்டும் என்று வந்துவிடும். 180 கழித்தல் 90, மீதி 90. அவ்ளோதான். பார்வைக்கு ஹார்லியின் கோணம், ஆட்டத்தில் தையல் மெஷின்.

கூடவே தண்ணீரால் குளிரும் இன்ஜின். ரேடியேட்டரை ஃப்ரேமின் இரண்டு குழாய்களுக்கு நடுவே ஒளித்து வைத்து, சிலிண்டரில் காற்றால் குளிரும் வண்டி மாதிரி அழகுக்கு வரிகள். வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் அமைப்பு. ஷாஃப்ட் டிரைவ்.

க்ரூஸர் ஓட்டுபவர்களின் புகார்ப் பட்டியலை ஓபி சீட்டு மாதிரி கையில் வைத்துக்கொண்டு செய்தது போல இருக்கும். அதிர்வா? குணம். ஒழுகலா? குணம். அடிக்கடி ரிப்பேரா? குணம்.

ஆனால் வண்டி கடைக்கு வந்த நேரம் சரியில்லை.

அந்த வருஷங்களில் ஜப்பானுக்குள்ளேயே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. உலகின் முதலிட மோட்டார் சைக்கிள் கம்பெனி நாங்கள்தான் ஆகப் போகிறோம் என்று யமஹா கிளம்பியது. ஹோண்டா பதிலுக்குப் புது மாடல்களை மழையாகக் கொட்டியது. ஒன்றரை வருஷத்தில் நூற்றுக்கும் மேல். 1983 தொடக்கத்தில் யமஹா தோல்வியை ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்குள் விற்காத வண்டிகள் அமெரிக்கக் கிடங்குகளில் மலையாகக் குவிந்துவிட்டன. டீலர்கள் அடிமாட்டு விலைக்குத் தள்ளினார்கள்.

இந்தப் பக்கம் ஹார்லி ஐசியூவில் கிடந்தது. 1981-ல் ஹார்லியின் நிர்வாகிகள் 13 பேர் சேர்ந்து, கடன் வாங்கி, ஏஎம்எஃப்பிடமிருந்து கம்பெனியை மீட்டிருந்தார்கள். அதில் ஒருவர் நிறுவனரின் பேரன் வில்லி ஜி. டேவிட்சன். மீட்ட கையோடு சந்தை சரிந்தது. 1982-ல் ஹார்லி அமெரிக்க அரசிடம் பாதுகாப்பு கேட்டு மனு கொடுத்தது.

1983 ஏப்ரலில் அதிபர் ரீகன் சம்மதித்தார். 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி வண்டிகளுக்குக் கூடுதலாக 45 சதவீத வரி. ஏற்கெனவே இருந்த 4.4 சதவீதத்தோடு சேர்த்து 49.4. அடுத்தடுத்த வருஷங்களில் கூடுதல் வரி 35, 20, 15, 10 என்று படிப்படியாக இறங்கும்.

ஸ்டீராய்டு கொடுத்துப் படிப்படியாகக் குறைப்போமே, அதே மாதிரி டேப்பரிங் டோஸ்.

ஷேடோ 750, விராகோ 750 இரண்டும் கோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டன.

ஜப்பான்காரர்கள் என்ன செய்தார்கள்? அழவில்லை. இன்ஜினைச் சுருக்கினார்கள். 1984-ல் அமெரிக்கச் சந்தைக்கு மட்டும் ஷேடோ 700, விராகோ 700. பிறகு கவாசாகி வல்கன் 700, சுசுகி இன்ட்ரூடர் 700. எல்லாம் 700-க்கு ஒரு நூல் கீழே. மற்ற நாடுகளில் அதே குடும்பத்து வண்டிகள் 750 ஆக ஓடின. இன்றைக்கும் பழைய வண்டி பிரியர்கள் அந்த 700களை "வரியை ஏமாற்றிய வண்டிகள்" என்ற பொருளில் செல்லப் பெயர் வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள்.

நடுத்தர ஜப்பான் க்ரூஸர் என்ற வகை இவ்வளவு செழித்ததற்கு இந்த வரியும் ஒரு காரணம். பெரிய வண்டியைத் தடுக்கப் போட்ட வேலி, நடுத்தர வண்டிக்கு உரம் ஆகிவிட்டது.

"அப்போ ஹார்லியைக் காப்பாற்றியது வரிதானே டாக்டர்?" என்று கேட்பீர்கள்.

பாதிதான் சரி. வென்டிலேட்டர் நிமோனியாவைக் குணப்படுத்தாது. ஆன்டிபயாடிக் வேலை செய்ய அது நேரம் வாங்கித் தரும். வரி என்பது வென்டிலேட்டர். ஹார்லிக்கான ஆன்டிபயாடிக் எங்கிருந்து வந்தது தெரியுமா?

ஹோண்டாவிடமிருந்து.

ஹோண்டா 1979-லேயே ஒஹையோ மாநிலம் மேரிஸ்வில்லில் மோட்டார் சைக்கிள் ஆலை திறந்திருந்தது. ஹார்லி நிர்வாகிகள் அங்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். வேலை செய்தவர்கள் அமெரிக்கர்கள்தான். சூப்பர் ரோபோ எதுவும் இல்லை. தேவையான பாகம் தேவையான நேரத்துக்கு மட்டும் வருகிறது. தரத்தைக் கடைசியில் ஒரு இன்ஸ்பெக்டர் பார்ப்பதில்லை, செய்கிறவரே பார்க்கிறார். இந்த முறைகளைத் தங்கள் ஆலைக்குக் கொண்டு வந்தார்கள். 1984 மாடலாக எவல்யூஷன் என்ற புது இன்ஜின் வந்தது. ஒழுகல் நின்றது.

1987 மார்ச்சில் ஹார்லி ஒரு ஆச்சரியம் செய்தது. வரி முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கும்போதே, "எங்களுக்கு இனி வேண்டாம், எடுத்துவிடுங்கள்" என்று அரசிடம் தானே கேட்டது. மே மாதம் ரீகன் பென்சில்வேனியாவில் யார்க் ஆலைக்கே போய்த் தொழிலாளர்களைப் பார்த்தார். நோயாளியே டியூபை எடுக்கச் சொல்லி கையைக் காட்டும் தருணம் அது. ஐசியூவில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தோஷம் தெரியும்.

சரி, ஷேடோவுக்கு வருவோம்.

வண்டி நன்றாக விற்றது. கெட்டுப்போகாது என்று பெயர் வாங்கியது. முதல் முறை பெரிய பைக் வாங்குபவர், உயரம் குறைந்தவர், தினமும் வேலைக்கு ஓட்டிப் போகிறவர் எல்லோருக்கும் பொருந்தியது. யமஹா 1987-ல் விராகோ 535-ஐக் கொண்டு வந்தபோது பெட்ரோலைச் சீட்டுக்கு அடியில் வைத்தது. எடை கீழே இறங்கியதால் கையாளச் சுலபம். ஐரோப்பாவில் சக்கைப்போடு போட்டது.

ஆனாலும் ஒரு குறை வாடிக்கையாளர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்தது. குறை என்னவென்றால், குறையே இல்லை.

வண்டி அதிரவில்லை. சத்தத்தில் உயிர் இல்லை.

ஹார்லியின் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும். அமெரிக்கர்கள் அதை "பொட்டேட்டோ, பொட்டேட்டோ" என்பார்கள். வேகமாகச் சொல்லிப் பாருங்கள், அந்தத் தாளம் வரும். ஏன் அப்படி?

இன்ஜின் ஒரு முழு வேலை முடிக்க இரண்டு சுற்று, அதாவது 720 டிகிரி. இரண்டு சிலிண்டர்களும் சம இடைவெளியில் வெடித்தால் 360, 360. ஹார்லியில் ஒரே பின் என்பதால் 315, 405. இரண்டு வெடி கிட்டத்தில், பிறகு ஒரு இழுவை. மறுபடி இரண்டு, ஒரு இழுவை.

ஈசிஜியில் இதற்குச் சொந்தக்காரன் ஒருவன் உண்டு. பைஜெமினி. ஒரு துடிப்பு, சீக்கிரமே இன்னொரு துடிப்பு, பிறகு ஒரு இடைவெளி. கையில் நாடி பிடித்தாலே தெரியும். மருத்துவருக்கு அது சீரற்ற துடிப்பு. மோட்டார் சைக்கிள்காரருக்கு அதுதான் இதயம்.

ஹோண்டா அந்த அரித்மியாவைக் குணப்படுத்திவிட்டது. நோயாளி திரும்பி வந்து, "என் பழைய துடிப்பைக் கொடு" என்கிறார்.

ஹோண்டா கொடுத்தது. 1995-ல் ஷேடோ 1100 ஏஸ். விரித்தால் அமெரிக்கன் கிளாசிக் எடிஷன். 45 டிகிரி இன்ஜினில் அந்த அருமையான இரண்டு பின் கிராங்க்கை எடுத்துவிட்டு, ஒரே பின் கிராங்க் போட்டார்கள். அதிர்வு கூடியது. பவர் கொஞ்சம் குறைந்தது. வெடிப்பு இடைவெளி 315, 405.

தெரிந்தே, திட்டமிட்டு, செலவு செய்து, தாங்களே குணப்படுத்திய நோயைத் திருப்பிக் கொடுத்தார்கள். சீரான இன்ஜின் கொண்ட ஷேடோ 1100-உம் பக்கத்திலேயே விற்பனையில் இருந்தது. எது வேண்டுமோ எடுத்துக்கொள். 1990களின் கடைசியில் ஏஸ் என்ற பெயரும் அந்தப் பழைய காலத்துத் தோற்றமும் 750-க்கும் வந்தன.

இதற்கு ஒரு வருஷம் முன்பு, 1994-ல், ஹார்லி இன்னொரு வேலை செய்திருந்தது. தன் சத்தத்துக்கே டிரேட்மார்க் கேட்டு விண்ணப்பித்தது. ஜப்பான் கம்பெனிகள் உட்படப் பல நிறுவனங்கள் எதிர்த்தன. ஒரே பின் வி-ட்வின் எதுவானாலும் இந்தச் சத்தம் வரும், இயற்பியலுக்கு யாரும் பட்டா போட முடியாது என்பதுதான் விவாதத்தின் சாரம். ஆறு வருஷம் இழுத்து, 2000-ல் ஹார்லி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது.

இப்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஹார்லி ஹோண்டாவிடம் போய் ஒழுங்கைக் கற்றுக்கொண்டது. ஹோண்டா ஹார்லியிடமிருந்து துடிப்பைக் கற்றுக்கொண்டது. "காப்பி அடிச்சான்" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. தன் கையிலுள்ள சிறந்த பொறியியலை, எதிரில் உட்கார்ந்திருப்பவருக்காக ஓரமாக வைக்கத் துணிவது காப்பி இல்லை. அதற்குப் பெயர் கேட்டுக்கொள்வது. ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பார்க்காதே, ஆளுக்குப் பார் என்று எங்கள் சீஃப் சொல்லுவார். அதுதான் இது.

ஷேடோ 750 என்ற பெயர் 2020களிலும் விற்பனையில் இருந்தது. 40 வருஷம் தாண்டிய பெயர். உலகின் வேகமான வண்டி இல்லை, விலை உயர்ந்ததும் இல்லை. தினமும் ஸ்டார்ட் ஆகும், தினமும் வீடு வந்து சேரும், நடுவில் மனசுக்கு ஏதோ செய்யும். அவ்வளவுதான் அதன் ரகசியம்.

நம் ஊருக்கு இந்த வகை வண்டி சின்ன உருவத்தில் வந்தது. 2001-ல் பஜாஜும் கவாசாகியும் சேர்ந்து எலிமினேட்டர் என்ற 175 சிசி க்ரூஸரைக் கொண்டு வந்தார்கள். அதன் உருவத்தை வைத்துக்கொண்டு, பல்சரின் இன்ஜினைப் போட்டு, 2005-ல் பஜாஜ் அவெஞ்சர் வந்தது. ஒரே சிலிண்டர், வி-யும் இல்லை, பொட்டேட்டோவும் இல்லை. ஆனால் கால் நீட்டி உட்காரும் அந்த உட்காரல் அதே பரம்பரை.

இனி இடுப்பு வலி அண்ணன்.

நேற்று ரிவ்யூக்கு வந்தார். வலி பாதி குறைந்திருந்தது. கேள்வியை அவர் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

உண்மையைச் சொன்னேன். "அண்ணே, அந்த வண்டி இடுப்பு வலிக்கு மருந்து இல்லை. சாதாரண வண்டியில பள்ளம் வந்தா காலை ஊன்றி லேசா எழும்புவோம், தொடை அடியை வாங்கிக்கும். இதுல கால் முன்னாடி போயிடும், எழும்ப முடியாது. மொத்த அடியும் உட்கார்ற எலும்பு வழியா நேரா தண்டுவடத்துக்குத்தான் போகும். நல்ல ரோட்டுல சுகமா இருக்கும். நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கர்ல தெரியும் சேதி."

முகம் கொஞ்சம் வாடியது. அப்போதுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"வண்டி எதுக்குண்ணே?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "18 வருஷமா சரக்கு ஏத்திக்கிட்டேதான் சார் ஓட்டுறேன். பின்னாடி எதுவும் இல்லாம, எங்கயும் இறக்க வேண்டியது இல்லாம, சும்மா ஒரு தடவை ஓட்டணும் சார். அதான்."

இதுதான் சீஃப் கம்ப்ளைன்ட். இடுப்பு வலி இல்லை.

எழுதிக் கொடுத்தது இது. தினமும் 20 நிமிஷம் நடை. சொன்ன பயிற்சிகளை விடக்கூடாது. வண்டி வாங்கினால் அரை மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி இறங்கி இரண்டு நிமிஷம் நடக்கணும். தலைக்கு நல்ல ஹெல்மெட், தாடைப் பட்டை மாட்டித்தான். விபத்துப் பிரிவில் ராத்திரி டியூட்டி பார்க்கிறவன் இதைச் சொல்லாமல் விட முடியாது. நிதானமாகப் போவதற்குச் செய்த வண்டியிலும் விழுந்தால் தலை தலைதான்.

"அப்ப வாங்கலாமா சார்?"

"முதுகுக்குன்னு வாங்காதீங்கண்ணே. உங்களுக்குன்னா வாங்குங்க."

சிரித்துக்கொண்டே எழுந்து போனார். இந்த முறை வலிக்கிறது என்று சொல்லவில்லை.

உங்களில் யார் யார் க்ரூஸர் ஓட்டுகிறீர்கள்? முதுகு எப்படி இருக்கிறது என்றும் சேர்த்தே சொல்லுங்கள்.